பூனைக்குப் படித்துக் காட்டிய திரைக்கதை

என் வாழ்நாளில் நான் நிபுணன் என்று சொல்லிக்கொள்ளத் தகுந்த துறை ஒன்றே ஒன்று. அது எழுத்தல்ல. சென்னை வாரப் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிவந்தேன் என்பது உண்மைதான். ஆனால் அவற்றைப் படித்துச் சிரித்ததாக என்னிடம் நேரில் சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவர், அலுவலகத்தில் என்னிடம் லீவு கேட்டு வந்த குமாஸ்தா. மற்றவர், கட்டுரையை வேறு யாரோ எழுதியதாக நினைத்துக்கொண்டிருந்த என் மனைவி. நான் நிபுணனாக இருந்த துறை, கூடப் பிறந்தவளோடு பேசாமல் இருப்பது. அதில் எனக்கு ஒன்பது வருடச் சர்வீஸ்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் அப்பா கட்டிய ஓட்டு வீடு அவருக்குப் பிறகு இரண்டு பாகமானது. தெருப்பக்கம் இரண்டு வாசல். பின்பக்கம் ஒரே கொல்லை, நடுவில் மார்பளவுக்கு ஒரு சுவர். இந்தப் பக்கம் நானும் என் மனைவியும். அந்தப் பக்கம் என் அக்கா. கோலார் தங்கவயலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், அத்தான் இறந்தபின் திரும்பிவந்து, பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்தாள்.

சண்டைக்குக் காரணம் ஒரு மீசை. அப்பாவின் சின்னப் போட்டோ ஒன்றைப் பெரிதாக்கச் சொல்லி ஸ்டூடியோவில் கொடுத்திருந்தேன். அவர்கள் பெரிதாக்கியதோடு நிற்காமல், மங்கலாக இருந்த இடங்களையெல்லாம் தூரிகையால் திருத்தியும் கொடுத்தார்கள். அப்பாவுக்கு இருந்தது, உதட்டின் மேல் கரி பட்டுத் துடைக்க மறந்தவருடைய மீசை. படத்தில் வந்தது, ஒரு ஜமீனை நிர்வகிக்கத் தகுந்த மீசை.

“இது யாரு?” என்றாள் அக்கா.

“அப்பா.”

“எங்க அப்பா இல்லை.”

அந்த இடத்தில் நான் சிரித்திருக்கலாம். சிரிக்கவைப்பதாகச் சொல்லிக்கொள்கிறவன்தானே. “பதினஞ்சு வருஷம் கோலார்ல இருந்துட்டு வந்தவளுக்கு அப்பா மீசையைப் பத்தி என்ன தெரியும்?” என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. ஒன்பது வருடம் சொல்லவில்லை.

சொல்லவில்லை என்றால், என்னிடம் சொல்லவில்லை. மற்றபடி தினமும் பேசினோம். எங்கள் கொல்லைச் சுவரின் மேல் ஒரு சாம்பல் நிறப் பூனை உட்கார்ந்திருக்கும். இரண்டு வீட்டிலும் பால் குடிப்பது, இரண்டு வீட்டுக்கும் விசுவாசமில்லாதது. என் வீட்டுத் தண்ணீர் அவள் பக்கம் வழிந்தால் அவள் அதனிடம் சொல்வாள்: “கேட்டியா, சில பேருக்குப் படிப்பு இருக்கும், குழாயை மூடத் தெரியாது.” நானும் அதனிடமே சொல்வேன்: “சில பேர் பள்ளிக்கூடத்துலதான் டீச்சர்னு நினைச்சேன்.” பூனை இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் வலப்பக்கம், நான் இடப்பக்கம். சமாதானத்தைப் பற்றிப் பிரசங்கம் வரும்போதெல்லாம் போதகர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார், டென்னிஸ் பார்ப்பவரைப் போல. அந்தத் தெருவிலேயே நீளமான சண்டை எங்களுடையது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. வேறெதில்தான் நான் முதலாவதாக வந்தேன்?

இப்படி இருக்கையில், அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு திரைக்கதையைப் படித்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்று எனக்கு அழைப்பு வந்தது. அழைத்தவர் சிவாஜிநகரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு துணிக்கடையின் மாடியில் ஆபீஸ் வைத்திருந்த பட விநியோகஸ்தர். சென்னையில் எடுக்கும் தமிழ்ப் படங்களை மைசூர் ராஜ்யத்தில் ஓட்டுபவர். தோல் வியாபாரத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர் என்பதால், எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்.

“நீங்க பத்திரிகைல எழுதறவரு. சும்னே ஒரு தடவை படிச்சுச் சொல்லுங்க சார்” என்றார். சும்னே என்றால் கன்னடத்தில் ‘சும்மா’. அவருடைய ‘சும்மா’ எதுவும் சும்மா இருந்ததில்லை. “மெட்ராஸ்ல ஒரு ப்ரொட்யூசர் இதை எடுக்க ரெடி. பெங்களூர் ஏரியாவுக்கு நான் ஒத்துக்கிட்டா எடுப்பாரு. நம்ம தமிழ்ப் பண்டிதருக்குக் குடுத்தேன், கதையில நீதி இல்லேன்னாரு. என் மச்சானுக்குக் குடுத்தேன், பாட்டு இல்லேன்னான். ரெண்டு பேரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க. அதுக்கு எனக்கும் பதில் தெரியலை.”

எழுதியவர் ஜன்னலோரம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்கு மேலான பெண்மணி. தொம்மலூரிலிருந்து பஸ்ஸில் வந்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவர். நான்கு வருடமாக ஷிப்ட் முடிந்து எழுதியதாம். “நாளெல்லாம் பேசறவங்களையே கேட்டுக்கிட்டிருக்கேன் சார். பேசாதவங்களைப் பத்தி எழுதலாம்னு தோணிச்சு” என்றார். பிறகு விநியோகஸ்தர் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “கடைசிக் காட்சியை மாத்தறதா இருந்தா வேண்டாம். நான் எடுத்துட்டுப் போயிடறேன்.”

“பாத்தீங்களா!” என்றார் விநியோகஸ்தர். “அண்ணன் தங்கச்சி கதைம்மா. கடைசில ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழணும். ஜனங்க அழுதாத்தான் மறுநாள் அவங்க வீட்டுப் பொம்பளைங்களைக் கூட்டிட்டு வருவாங்க. ஆயித்து, சரி, சார் சனிக்கிழமை மத்தியானம் வந்து சொல்லட்டும். இவர் என்ன சொல்றாரோ அதான் தீர்ப்பு. அழணும்னா அழணும், வேணாம்னா வேணாம்.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான்கு வருடம் இருந்தது. நான் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டேன். படியிறங்கும்போது தலை கூரையில் இடிக்குமளவுக்கு நிமிர்ந்து நடந்தேன். உண்மையாகவே இடித்தது.

கதை இதுதான். ஒரு பெரிய வீடு, நடுவில் சுவர். ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் தங்கை. பன்னிரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஒரு நாள் காலை தங்கையின் மேஜையில், இறந்துபோன அப்பாவின் மூக்குக்கண்ணாடி இருக்கிறது. இரண்டு நாள் கழித்துக் கதவருகே அவருடைய கைத்தடி. பிறகு அவருடைய மூக்குப்பொடி டப்பா. அவற்றையெல்லாம் அவள் ஒரு டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். வீட்டுக்காக அண்ணன் தன்னைப் பைத்தியமாக்கப் பார்க்கிறான் என்று பயப்படுகிறாள். பயம் வளர்ந்து, கத்தியைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கும் வரை போகிறது. கடைசியில்தான் நமக்குத் தெரிகிறது: அந்தச் சாமான்களை எடுத்துப் போய் அண்ணன் வீட்டு வாசலில் வைத்தவள் அவளேதான். தூக்கத்தில் நடந்து, மனத்தின் ஒரு பாதி செய்வது மறுபாதிக்குத் தெரியாமல். ‘அப்பாவின் பொருளைக்கூட என் முகத்தில் எறிகிறாளே’ என்று நினைத்த அண்ணன், ஒன்றும் பேசாமல் ஒவ்வொன்றையும் திருப்பி அவள் வீட்டுக்குள் வைத்துவிடுகிறான். அவள் நடுங்கியதெல்லாம் அந்தத் திருப்பி வைத்தலைப் பார்த்து. உண்மை தெரிந்தபின் அவள் அந்தக் கண்ணாடியை இரு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் சுவரின் மேல் வைக்கிறாள். அண்ணன் வருகிறான், சட்டை நுனியால் அதைத் துடைக்கிறான், அங்கேயே வைத்துவிட்டுப் போகிறான். படம் முடிந்தது.

பண்டிதரும் மச்சானும் கேட்ட கேள்வி: ‘இதை நீயா வைத்தாய்?’ என்று யாராவது ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், படம் பத்தே நிமிடத்தில் முடிந்திருக்குமே? ஏன் கேட்கவில்லை?

வசனங்களை வாய்விட்டுப் படித்தால்தான் எனக்குப் பிடிபடும். என் மனைவி இரண்டாம் பக்கத்திலேயே குறட்டை விட்டாள். ஆகவே சாயங்காலம் காபி குடித்தபின் கொல்லையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வேறு ஆளில்லாததால் பூனையைப் பார்த்துப் படித்தேன். அந்தப் பக்கம் அக்கா பரீட்சை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். பென்சில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கைத்தடிக் காட்சி வந்தபோது நின்றுவிட்டது.

மறுநாள் அவள் நாற்காலி சுவருக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அலுவலகத்திலிருந்து நான் வரத் தாமதமானது. “கேட்டியா,” என்றாள் பூனையிடம், “கதை சொல்றேன்னு வந்தவங்க நேரத்துக்கு வரணும். அந்தப் பொண்ணு அங்கே கத்தியோட படுத்திருக்கா.”

நான் உட்கார்ந்து படித்தேன். அரைமணி கழித்து அவள் மறுபடி பூனையைக் கூப்பிட்டாள். “இந்தா. அண்ணன்காரன் தடியைத் திருப்பி வெக்கறப்போ தங்கச்சி சர்ச்சுக்குப் போயிருக்கான்னு வருது. நேத்துப் படிச்சதுல அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை என்ன ஆராதனை?”

புரட்டிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைதான். பண்டிதர், மச்சான், நான், மூன்று பேரும் கோட்டை விட்டதை ஒருமுறை காதால் கேட்டவள் பிடித்துவிட்டாள். விடை சரியாக இருந்தாலும் வழி தப்பென்றால் மார்க்கைக் குறைக்கிறவள் அல்லவா! ‘என் அக்கா’ என்று யாரிடமாவது சொல்லிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சொல்லக் கிடைத்தது பூனை. அது ஏற்கெனவே தெரிந்ததுபோல் வாலை ஆட்டியது.

மூன்றாம் நாள் என் அபிப்பிராயத்தை எழுதி, அதையும் படித்தேன். அழகாக எழுதியிருந்தேன். “இறுதியில் அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக் கண்ணீர் உகுப்பதே மனித இயல்புக்குப் பொருத்தம்” என்று முடித்திருந்தேன். ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்தால், விநியோகஸ்தருக்குப் பயந்து பாதி. மீதிப் பாதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒன்பது வருடத்தில் ஓரிரு முறை அப்படி ஒரு காட்சியை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் பின்னணி இசைகூட உண்டு.

சுவருக்கு அந்தப் பக்கம் நோட்டுப் புத்தகம் ஒன்று படாரென்று மூடப்பட்டது.

“உங்க எஜமானருக்கு மூளை இருக்கான்னு எப்பவாவது பாத்தியா நீ?” என்றாள் பூனையிடம். “கட்டிப் பிடிக்கிறதாம். யாரு கட்டிப் பிடிக்கிறாங்க? சண்டைன்னா என்னன்னு தெரியாதவங்க கட்டிப் பிடிப்பாங்க.”

“அப்போ அந்த ஒரு வார்த்தையை ஏன் கேக்கலைன்னு கேட்டா என்ன சொல்றதாம்?” என்றேன் நானும் பூனையிடம்.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, வகுப்பில் கரும்பலகைக்கு முன் நிற்கும் குரலில் சொன்னாள்: “பூனைகிட்டத் திட்டலாம். குத்திக்காட்டலாம். கேள்வி மட்டும் கேக்க முடியாது. நீயா, ஏன், எப்போன்னு நேரா ஒரு கேள்வி கேட்டா அதுக்குப் பதில் வரும். பதில் வந்தா அது பேச்சு. முதல்ல கேக்கறவங்க தோத்தவங்க. அதனால உசிரு போனாலும் கேக்க மாட்டாங்க. இதைக்கூட எழுதத் தெரியலைன்னா இவங்களெல்லாம் எதுக்குப் பத்திரிகைல எழுதறாங்க?”

நான் எழுதியிருந்ததைக் கிழித்தேன். அவள் சொன்னதை, கேட்டது கேட்டபடி எழுதினேன். என் பேனாவிலிருந்து அதைவிட நல்ல பக்கம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. அதில் என்னுடையது என்று பார்த்தால் மை மட்டும்தான்.

சனிக்கிழமை அதை எங்கே கொண்டுபோய்ப் படிக்கப்போகிறேன் என்பதையும் பூனையிடம் சொல்லிவைத்தேன். வெள்ளிக்கிழமை அவள் பூனையிடம் ஒரு செய்தி சொன்னாள்: “நாளைக்குப் பள்ளிக்கூடம் அரை நாள்தான். சிவாஜிநகர்ல ரவிக்கைத் துணி எடுக்கணும். அந்தப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில நல்லா இருக்குமாம்.”

சனிக்கிழமை ஒரே பஸ்ஸில் போனோம். அவள் முன்னால், நான் பின்னால். துணிக்கடை வாசலில் அவள் துணியைப் பார்க்கவே இல்லை. நேராக மாடிப்படி ஏறினாள். பின்னாலேயே நான். எக்ஸ்சேஞ்ச் பெண்மணி அதே ஜன்னலோரம், அதே கைப்பையோடு உட்கார்ந்திருந்தார். விநியோகஸ்தர் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டார்.

“சார், சொல்லுங்க. ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சிருக்குமே, ஏன் கேக்கலை?”

நான் காகிதத்தைப் பிரித்தேன். அதற்குள் அக்கா அவரிடம் சொன்னாள்: “ஐயா, அவரை நேரா ரெண்டாம் பக்கம் படிக்கச் சொல்லுங்க.”

“சார், ரெண்டாம் பக்கமாம்.”

“முதல் பக்கம்னு ஒண்ணு இருக்கு, அதைப் படிச்சிட்டுத்தான் ரெண்டாவதுன்னு சொல்லுங்க” என்றேன் அவரிடம்.

“முதல் பக்கம் இருக்காம்மா.”

“அதுல அவர் தன்னைப் பத்தி எழுதியிருப்பாரு. உங்களுக்கு நேரமில்லைன்னு சொல்லுங்க.”

“சில பேர் படிக்காமலே மார்க் போடுவாங்கன்னு சொல்லுங்க.”

“சில பேருக்குப் படிச்சும் பாஸ் போட முடியாதுன்னு சொல்லுங்க.”

விநியோகஸ்தரின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. எனக்குப் போதகர் ஞாபகம் வந்தது. “என்னா சார் இது கலாட்டா!” என்று கத்தினார். “பக்கத்துப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு ரெண்டு பேரும் என்கிட்ட…” சட்டென்று நிறுத்தினார். மேஜைமேல் இருந்த திரைக்கதையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். குரல் தானாகத் தணிந்தது. “எத்தனை வருஷம்?”

“ஒன்பது” என்றேன்.

“ஒன்பது வருஷம் நாலு மாசம்னு சொல்லுங்க” என்றாள் அக்கா.

“எதுக்கோசரம்?”

“ஒரு மீசை” என்றேன். அவர் தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஜன்னலோரம் இருந்த பெண்மணி அன்று முதல்முறையாக வாய் திறந்தார். “ஐயா, இவங்க ரெண்டு பேரையும் பாருங்க. இவங்க கட்டிப் பிடிச்சு அழறாப்பல எடுக்கலாமா?”

தோல் மண்டியில் சரக்கைத் தரம் பார்த்த கண்ணால் அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். நானும் அக்காவும் அந்தக் கணம் ஒரே மாதிரி முகத்தைச் சுளித்தோம் போலிருக்கிறது. அப்பாவும் அப்படித்தான் சுளிப்பார்.

“அய்யய்யோ, வாணாம்!” என்றார் விநியோகஸ்தர். “நல்லாவே இருக்காது. கண்ணாடியே துடைக்கட்டும்.”

அதன்பிறகு நான் ரெண்டாம் பக்கத்தைப் படித்தேன். கேள்வி கேட்கக் கூடாது என்ற சட்டத்தை அவர் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். “இது சரக்கு சார். நீங்க பெரிய ஆளுதான்” என்றார். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க நான் இருபது வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம்.

“நான் இல்லை,” என்றேன். “இதுல சரியா இருக்கறதெல்லாம் இவங்க சொன்னது. எங்க அக்கா. கணக்கு டீச்சர்.”

ஒன்பது வருடத்தில் அந்த இரண்டு வார்த்தையை வெளியாளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபோது என் நெஞ்சு எவ்வளவு விரிந்தது என்றால், சட்டைப் பொத்தானைப் பற்றிக் கவலைப்பட்டேன். அக்கா கூரையைப் பார்த்தாள். விநியோகஸ்தர் காகிதத்தை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “அப்போ ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க” என்றார். நான் போட்டேன். பேனாவை அவர் வழியாக அனுப்பினேன். என் கையெழுத்துக்குக் கீழே அவள் தன்னுடையதைப் போட்டாள், என்னுடையதைவிடப் பெரிதாக.

எக்ஸ்சேஞ்ச் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் கேட்டார்: “அந்தப் பூனையைக் கதையில சேத்துக்கலாமா அக்கா?”

“சேத்துக்கோம்மா. செவ்வாய்க்கிழமையை மட்டும் ஞாயித்துக்கிழமை ஆக்கிடு.”

படம் மறுவருடம் வந்தது. எழுதியவர் பெயர் தனியாக, முழுத்திரைக்கும் வந்தது. பிரமாதமாக ஓடியது என்று சொல்ல மாட்டேன். கண்டோன்மென்டில் நான் பார்த்த அன்று, கண்ணாடி துடைக்கும் காட்சியில் ஒருவரும் எழுந்துபோகச் செருப்பைத் தேடவில்லை. அது போதும். சுவர்மேல் ஒரு பூனையும் இருந்தது. எங்கள் பூனை அளவுக்கு நடிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாடியிலிருந்து இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. பெங்களூர் மழை, சொல்லாமல் வருவது. துணிக்கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். கடைக்காரர் உள்ளே இருந்தார். விநியோகஸ்தர் மேலே இருந்தார். பூனை காக்ஸ் டவுனில் இருந்தது.

“குடை எடுத்துட்டு வரலியா?”

யாரைக் கேட்கிறாள் என்று சுற்றிலும் பார்த்தேன். யாருமில்லை. அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று எனக்கே சொல்லிக் கொடுத்தவள்.

“இல்லக்கா” என்றேன்.

“எடுத்துட்டு வர மாட்டே. தெரியும்” என்று தன் குடையை விரித்தாள்.

அது ஒரு ஆள் குடை. பஸ் ஸ்டாண்டுக்குள் போவதற்குள் எனக்கு ஒரு தோளும் அவளுக்கு ஒரு தோளும் நனைந்தன. வழியில் கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசினோம். மீசையைப் பற்றிப் பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை.

அப்பாவின் அந்தப் பெரிய படம் என் கூடத்தில்தான் தொங்குகிறது. இப்போது அதைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ ஒரு ஜமீன்தார் வீட்டுக்கு வந்திருப்பதுபோல் இருக்கிறது. மீசை விஷயத்தில் அக்கா சொன்னதுதான் சரி. கோலாரைப் பற்றி நான் சொன்னது தப்பு. இதை அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே வாசகர்களாகிய உங்களிடம் சொல்கிறேன். பத்திரிகை வியாழக்கிழமை அவள் வீட்டுக்கு வரும்.